மத்திகிரிக்கு விருந்தாளியாகப் போவது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு கையேடு

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ ஓசூரில் இருப்பார். எண்பதுகளில் ஐ.டி.ஐ. சான்றிதழோடு பஸ் ஏறியவர். 1980இல் அசோக் லேலண்ட் அங்கே தொழிற்சாலை திறந்தது. டி.வி.எஸ். ஐம்பது மொபெட் அதே ஆண்டு ஓசூரிலிருந்து உருண்டு வெளியே வந்தது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தன. "ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் ஆனதும் திருச்சி பெல்லுல சேர்ந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போன சித்தப்பா இப்போது ரிட்டயர் ஆகி, மத்திகிரியில் வீடு கட்டி, வாசலில் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்கப் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. முழுக்கப் படித்துவிட்டு டிக்கெட் எடுக்கவும்.

முதலில் நாள் குறிக்க வேண்டும். ராகுகாலம், சூலம் பார்க்கிறவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. 120 அடி நிரம்பியிருந்தால் கவலையில்லை. ஜூன் 12 தாண்டியும் அணை திறக்கவில்லை, டெல்லியில் காவிரி ஆணையம் கூடுகிறது, மண்டியாவில் மறியல் என்று செய்தி ஓடினால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மத்திகிரி எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஏறப்போவது பெங்களூர் பஸ். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளைக் கொளுத்தியபோது இரண்டு பக்கத்துப் பேருந்துகளும் எல்லையோடு நின்றுவிட்டன. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே கைக்குழந்தையும் சூட்கேஸுமாக ஜனங்கள் நடந்தே போனார்கள்.

என்ன எடுத்துப் போவது? கும்பகோணம் வெற்றிலை, டிகிரி காபிப் பொடி, வெங்காய வடகம், கல்லுரலில் இடித்த மிளகாய்ப் பொடி. இவை எல்லாமே ஓசூர்க் கடைகளில் கிடைக்கும். கிடைக்கும் என்று உங்களுக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். இருந்தாலும் மஞ்சள் பையைப் பிரித்து வைத்து, "அங்கெல்லாம் இது எங்க கிடைக்கப்போவுதுன்னு அம்மா குடுத்து விட்டாங்க" என்று சொல்ல வேண்டியது உங்கள் கடமை. "ஆமா, இங்க என்ன கிடைக்குது" என்று பெருமூச்சு விடுவது அவர் கடமை.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் ஓசூர் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் தூங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அரசுப் பேருந்தானால் பேருந்து நிலையத்துக்குள் போய் இறக்கிவிடும். ஆம்னி பஸ்ஸுக்கோ ஓசூர் என்பது நெடுஞ்சாலை ஓரத்தில் அரை நிமிடம். "ஓசூர் யாருப்பா, ஓசூர்" என்று இருட்டில் ஒரு குரல் வரும்; அந்த ஒரு குரலுக்குள் நீங்கள் விழித்து, போர்வையை உதறி, இடது கால் செருப்பைக் கண்டுபிடித்து, இறங்கியிருக்க வேண்டும். தவறினால் எலக்ட்ரானிக் சிட்டியில் கண் விழிப்பீர்கள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் எழுந்து உட்காருங்கள். சூளகிரி வந்தால் பையை மடியில் வையுங்கள். 'கர்நாடகம் உங்களை வரவேற்கிறது' என்று கைபேசிக்குச் செய்தி வந்தால் பதற வேண்டாம், ஓசூரில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதும் அது வரும்.

இறங்கியதும் குளிரும். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ மூவாயிரம் அடி. ஸ்வெட்டர் கொண்டு போயிருந்தாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், நடுங்கிக்கொண்டே வீட்டுக்குள் நுழையுங்கள். சித்தப்பாவுக்கு அதில் கிடைக்கும் ஆனந்தத்தை எந்தப் பலகாரமும் கொடுக்காது. "இதெல்லாம் ஒரு குளிரா? நான் வந்த புதுசுல சித்திரையிலகூட ஃபேன் போட்டதில்ல. இப்பதான் கம்பெனி பெருத்து, மரமெல்லாம் போயி..." என்று தொடங்குவார். ஓசூரில் முப்பது வருடம் இருந்த எவரும் இதைச் சொல்லாமல் ஒரு விருந்தாளியை வழியனுப்பியதில்லை. குறுக்கே பேசாமல் கேளுங்கள். அந்த ஃபேன் வசனம் முடியும்போது அவர் தலைக்கு மேலே ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். அதை நிமிர்ந்து பார்க்காதீர்கள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆட்டோக்காரரிடம் மத்திகிரி கூட்ரோடு என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் தெருப் பெயர், கதவு எண் எதுவும் உதவாது. மாட்டுப்பண்ணைக்கு எந்தப் பக்கம், டைட்டன் டவுன்ஷிப்புக்கு எந்தப் பக்கம் என்பதுதான் விலாசம். டவுன்ஷிப்பை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா என்ற பெரிய கட்டடக் கலைஞர் என்பதைச் சித்தப்பா போகிற போக்கில் சொல்வார். மாட்டுப்பண்ணை அதைவிட மூத்தது. 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்க்க ஏற்படுத்திய இடம், பக்கத்தில் குதிரைப்பாளையம் என்று ஓர் ஊரே இருக்கிறது. ராணுவம் போய் மாடு வந்து, இன்றைக்கு அது அரசின் கால்நடைப் பண்ணை. பரப்பு ஏறத்தாழ 1,640 ஏக்கர். சுற்றிலும் சென்ட் என்ன விலை என்பதைத் தவிர வேறு பேச்சில்லாத ஊரில், இவ்வளவு பெரிய பச்சையில் மாடுகள் தலையைக்கூடத் தூக்காமல் மேய்கின்றன. காலை நடைக்கு உங்களை அந்த வேலியோரமாகத்தான் கூட்டிப் போவார்கள். "எல்லாம் நம்ம பக்கம் மாதிரியே பசுமையா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாம் போய்ச் செய்கிற பெரிய அத்துமீறல் இதுதான். காபியைக் குடித்ததும் நம்ம காபி, மழை பெய்தால் நம்ம ஊர் மழை, கோயிலுக்குப் போனால் நம்ம ஊர்க் கோபுரம் என்று எதைப் பார்த்தாலும் தராசில் வைப்போம். சந்திரசூடேஸ்வரர் கோயில் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. அங்கே நின்றால் ஊர் முழுக்கக் கீழே தெரியும். கும்பகோணத்துக்காரர் அங்கேயும் போய்க் குளம் எங்கே என்று கேட்பார்.

ஷிஃப்டுக்கு வருவோம். மத்திகிரி வீடுகளில் எந்த நேரமும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். சித்தப்பா மகன் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஃபர்ஸ்ட்டு, செகண்டு, நைட்டு என்று வாரம் மாறி வாரம் வரும். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் ஷிஃப்டு அட்டவணைதான் அந்த வீட்டுப் பஞ்சாங்கம். நைட் ஷிஃப்டு வாரத்தில் போய்ச் சேர்ந்தீர்கள் என்றால், வாசலில் சேஃப்டி ஷூ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தம்பி உள்ளே தூங்குகிறான். காலிங் பெல்லை அழுத்தக் கூடாது. சித்தி கதவைத் திறந்து, உதட்டில் விரல் வைத்து, கண்ணாலேயே நலம் விசாரிப்பார். அந்த வாரங்களில் அங்கே குக்கர் அடுப்பில் ஏறாது. விசில் சத்தத்துக்கு அவன் எழுந்துவிடுவான் என்பதற்காகப் பழைய வெண்கலப் பானையில் சோறு வடிக்கிறார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னமும் வடிச்ச சோறுதான் சாப்பிடுறீங்களா, ஊர்ப் பழக்கத்தை விடலையே" என்று நெகிழ்ந்துவிடாதீர்கள். காரணம் கம்பெனி.

டெல்டாவில் பேச்சு என்றால் தெருக்கோடிக்குக் கேட்க வேண்டும். இங்கே பகல் பதினொரு மணிக்குக் குசுகுசுவென்று பேசப் பழக வேண்டும். எதிர்வீட்டில் ஒருவர், அதன் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒடியாக்காரப் பையன்கள் நாலு பேர் என்று தெருவே பாதி தூங்கும். விடியாத இருட்டில் அதே தெரு, கம்பெனி பஸ்ஸுக்கு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி, டிபன் பாக்ஸோடு கூட்ரோட்டை நோக்கி நடக்கும்.

பேரன் பேசும் மொழிகளை எண்ணி வியக்க வேண்டாம். எதிர்வீட்டுப் பாட்டியிடம் தெலுங்கு, அம்மாவிடம் கன்னடம், தாத்தாவிடம் தமிழ், கூரியர்க்காரரிடம் இந்தி, சைக்கிள் பஞ்சர் கடை பாயிடம் நாலு வார்த்தை உருது. இந்த மண்ணில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பின்னால் வந்தவர் நம் சித்தப்பாதான். "தமிழ் நல்லாப் பேசுறானே!" என்று அந்தக் குழந்தையைப் பாராட்டினால், ஓசூர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று அவன் உங்களிடம் திருப்பிக் கேட்பான். நியாயமான கேள்வி.

சாப்பாட்டில் எச்சரிக்கை தேவை. ராகிக் களி வரும். உருண்டையாகத் தட்டில் உட்கார்ந்திருக்கும், மேலே ஒரு குழி, அதில் கீரைக் கடைசலோ கறிக்குழம்போ. விரல்களைக் குழம்பில் நனைத்துக்கொண்டு, சிறு துண்டாகக் கிள்ளி, புரட்டி, வாயில் போட்டு விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது. பல் படாமல் சோறு உள்ளே போகும் என்பதை டெல்டா நாக்கு ஒப்புக்கொள்ளாது; மென்றால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப்பின் பேச்சும் வராது. எதிரே உட்கார்ந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மார்கழி, தை மாதங்களில் போகிறவர்களுக்கு யோகம் அடிக்கும். பனியில் விளைந்த அவரைக்காய் மூட்டை மூட்டையாக இறங்கும் காலம். கொட்டையை உரித்து இரவில் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வீடே வட்டமாக உட்கார்ந்துவிடும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கொட்டையை வைத்து அழுத்தினால் தோல் விரலில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். விழ வேண்டும். புதிதாகப் பிதுக்குகிறவருக்கு அது டி.வி.க்கு அடியிலும், சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடியிலும் போய் விழும். கொஞ்ச நேரத்தில் விரல் நுனி சுருங்கிப்போகும், கையெல்லாம் பச்சை வாசம். ஒரு வீட்டுக்குக் குழம்பு வைக்கிற அளவு பிதுக்குப் பருப்பு சேர்வதற்குள் குடும்பத்தின் எல்லா ரகசியமும் வெளியே வந்துவிடும். சம்பளம் என்ன, இ.எம்.ஐ. எவ்வளவு, அக்கா ஏன் போன் பண்ணுவதில்லை என்று நீங்கள் கும்பகோணத்திலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த கேள்வி எதையும் கேட்க வேண்டியிராது. கை வேலையாக இருந்தால் மனிதர்கள் தானாகப் பேசுவார்கள். குழம்பைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் முறை சோற்றைக் கேட்டு வாங்குங்கள், அது போதும்.

இனி இந்தக் கையேட்டின் கடினமான பகுதி. தம்பி மனைவி மண்டியாப் பெண். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவர். நீங்கள் போகிற சமயம் பார்த்து அவருடைய அப்பாவும் மகளைப் பார்க்க வந்திருப்பார். அதாவது, ஒரே சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் காவிரியில் நெல் போடும் நீங்கள். மறுபக்கம் காவிரியில் நெல்லும் கரும்பும் போடும் சம்பந்தி. உங்கள் கைபேசியில் காலையில் எழுந்ததும் பார்க்கும் எண் மேட்டூர் 120. அவர் கைபேசியில் பார்க்கும் எண் கிருஷ்ணராஜ சாகர் 124.80. நடுவே ரசப் பாத்திரம்.

இங்கே 177.25 டி.எம்.சி. என்ற எண்ணை உச்சரிக்கக் கூடாது. கர்நாடகம் விட வேண்டிய தண்ணீர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது, நீங்கள் மறுபடி சொல்லத் தேவையில்லை. சித்தி தண்ணீர் ஊற்றும்போது நாக்கு துறுதுறுக்கும். ஏனென்றால் அந்தச் சொம்பில் இருப்பதே காவிரிதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் ஜப்பான் கடனுதவியோடு போட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது. ஓசூருக்கும் அந்தக் குழாய் வருகிறது. மேட்டூருக்கு மேலேயே எடுக்கிற தண்ணீர். "உங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே நாங்க குடிச்சிடுறோம்" என்று சித்தப்பா கண்ணடிப்பார். அவர் எந்தப் பக்கம் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். நாற்பது வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதில்தான் அவர் குடும்பம் நடக்கிறது.

பின் எதைப் பேசுவது? யூரியா விலை. ஆள் கிடைக்காத கஷ்டம். நடவு இயந்திரம் எந்தக் கம்பெனி நல்லது. மூட்டுவலி. சர்க்கரைக்கு அவர் போடும் மாத்திரையும் நீங்கள் போடும் மாத்திரையும் ஒன்றேதான் என்பது பாயசம் வரும்போது தெரியும். இருவரும் அரைக் கரண்டி என்று கை காட்டுவீர்கள். அவருடைய தமிழும் உங்கள் கன்னடமும் போதாத இடத்தில் மருமகள் மொழிபெயர்ப்பார். அவர் முழுவதையும் மொழிபெயர்ப்பதில்லை என்பது எனக்குக் கொஞ்ச நாளாகவே சந்தேகம். உங்கள் மூணு வாக்கியம் அப்பாவிடம் போகும்போது ஒரு வாக்கியமாகிவிடுகிறது. அந்தப் பெண் செய்வது சரி.

மறுநாள், "பெங்களூர் பக்கந்தான், முக்கால் மணி நேரம்" என்பார்கள். ஓசூர்க்காரர்கள் எதிலும் பொய் சொல்லாதவர்கள், இந்த ஒன்றைத் தவிர. தூரம் நாற்பது கிலோமீட்டர் என்பது உண்மை. அத்திப்பள்ளி, சந்தாபுரா, சில்க்போர்டு என்ற பெயர்களைத் தாண்டுவதில் நாள் போய்விடும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ மஞ்சள் பாதை திறந்தபின் கொஞ்சம் தேவலாம். பத்தொன்பது கிலோமீட்டர், பதினாறு நிலையம். பொம்மசந்திரா வரை பஸ். இங்கே சித்தியின் கணக்கைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் கட்டணமில்லை, ஆனால் அந்த மாநில விலாசம் வேண்டும். சித்தியின் ஆதாரில் மத்திகிரி. ஆகவே எல்லை வரை நகரப் பேருந்தில் ராணிபோல் வருவார், அத்திப்பள்ளியில் முந்தானையிலிருந்து சில்லறையை அவிழ்ப்பார். பக்கத்தில் மருமகளின் அம்மா மண்டியா ஆதாரை நீட்டிக்கொண்டு ஏறுவார். அத்திப்பள்ளியிலிருந்து சந்தாபுரா வரை இரண்டு சம்பந்திகளும் இதைப் பற்றித்தான் பேசுவார்கள். இதில் அணை எதுவும் வராததால் விட்டுவிடலாம்.

சில சில்லறை யோசனைகள். பிப்ரவரி முதல் வாரத்தில் போனால் ரோஜா கேட்காதீர்கள். தாஜ்மஹால் வகைச் சிவப்பு ரோஜாவெல்லாம் காதலர் தினத்துக்காக வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுவார்கள். கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் எழுந்து நிற்கும் வெள்ளை நுரையைப் பார்த்துக் குழந்தைகள் குதிக்கும். அது தென்பெண்ணையில் பெங்களூர் அனுப்பிவைக்கும் கழிவு, தொட விடாதீர்கள். ராகி அறுப்பு சமயத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கமோ சானமாவுக் காட்டுப் பக்கமோ இருட்டிய பின் பைக்கில் போக வேண்டாம், யானை வந்திருக்கும். இராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளிக்குப் போகலாம். அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது.

விமான நிலையப் பேச்சு எப்படியும் வரும். 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள் வந்துபோகும்படி விமான நிலையம் அமைப்போம் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூர் விமான நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறொன்று வரக் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் சித்தப்பா எழுந்து போய், தளி ரோட்டில் வாங்கிப்போட்ட மனையின் பத்திர நகலை எடுத்துவந்து காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

கிளம்பும் நேரம் வரும்போது பை கனத்திருக்கும். ராகி மாவு, முட்டைகோஸ், அவரைக்காய், தொட்டியோடு ஒரு ரோஜாச் செடி. "அங்கெல்லாம் இது எங்க கிடைக்கப்போவுது" என்பார் சித்தி. மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

கும்பகோணம் போய்ச் சேர்ந்ததும் பெரியப்பா கேட்பார்: "எப்படிடா இருக்காங்க? எப்பத்தான் ஊரோட வரப் போறானாம்?" எண்பதுகளிலிருந்து அவர் கேட்கும் கேள்வி. பின்கட்டில் சித்தப்பா பங்கு இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது. மழைக்கு ஓடு ஒழுகுகிறது. விற்பதா, வைத்திருப்பதா என்று தெரிந்தாக வேண்டும். குளிர் ஜாஸ்தி என்று சொல்லுங்கள். களி, பிதுக்குப் பருப்பு, மெட்ரோ எல்லாம் சொல்லுங்கள். சம்பந்தி நல்ல மனுஷர் என்று அழுத்திச் சொல்லுங்கள். வாசலில் இரண்டு லோடு ஜல்லி இறங்கியிருக்கிறது, முதல் மாடிக்கு பில்லர் கம்பி கட்டியாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லாதீர்கள். கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க வரும்போது சித்தப்பாவே சொல்லிக்கொள்ளட்டும்.